பேசாப் பிள்ளையும் மலையகமும்

2023 ஆம் ஆண்டில், மலையகத் தமிழர் இத்தீவிற் கால்வைத்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை நாம் நினைவுகூர்ந்தோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, மூதாதையர் நடந்த வழியிலேயே மக்கள் நடந்து சென்றனர். மேடைகள் அமைந்தன, மலர்கள் வெளிவந்தன. குரலற்றிருந்த சமுதாயம் குரல் பெற்றது என்று பெருமிதம் கொண்டோம். அப்பெருமிதம் தகும். ஆயினும், அச்சமுதாயத்தின் லயங்களிலே ஐந்து வயதாகியும் 'அம்மா' என்றழைக்க இயலாத குழந்தையின் குரலுக்கு நாம் என்ன வழி செய்திருக்கிறோம் என்ற வினா என் உள்ளத்தை விட்டு அகலவில்லை.

இத்தகைய குழந்தைகள் இல்லாத நாடு இல்லை. செவிப்புலன் குன்றியோர், அண்ணம் பிளவுபட்டுப் பிறந்தோர், மூளைவாதத்தால் நாவும் இதழும் வசப்படாதோர், ஆட்டிசம் எனப்படும் நிலையினாற் பிறரோடு உறவாடும் வழி வேறுபட்டோர், திக்கிப் பேசுவோர், வேறு குறையேதும் புலப்படாமலே மொழி மட்டும் பிந்தி வருவோர் எனப் பல திறத்தார் இவர்கள். நாமோ இவர்கள் அனைவருக்கும் ஊமை என்று ஒரே பெயரைச் சூட்டி, அத்தோடு கடமை முடிந்ததாக எண்ணிவிடுகிறோம். வகுப்பின் கடைசி வாங்கில் எவருக்கும் தொல்லை தராது அமர்ந்திருக்கும் பிள்ளையை, அமைதியான பிள்ளை என்று பாராட்டுவதும் உண்டு.

காத்திருத்தல் நமக்குப் பழகிய ஒன்று. குமரகுருபரர் ஐந்தாண்டு வரை பேசாதிருந்து, திருச்செந்தூரிலே முருகன் அருளால் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்ற வரலாற்றைக் கேட்டு வளர்ந்தவர் நாம். பேச்சு வரவேண்டும் என்று வசம்பை உரைத்து நாவில் தடவுகிறோம். அதற்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே பெயர். "இவன் தகப்பனும் பிந்தித்தான் பேசினான்" என்று பாட்டி ஆறுதல் கூறுகிறாள். இவற்றிலுள்ள அன்பை நான் குறைத்து மதிப்பவனல்லன். ஆனால் பருவம் எவருக்காகவும் காத்திருப்பதில்லை. ஓராண்டளவில் முதற்சொல்லும், ஈராண்டளவில் 'அம்மா வா', 'பால் தா' என்னும் இருசொற்றொடரும் வருதல் இயல்பு. ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்லேனும் எழாவிடின் காரணத்தை ஆராய்தல் வேண்டும். அதிலும் செவியையே முதலிற் சோதித்தல் வேண்டும். கேளாத செவி வழியே மொழி எங்ஙனம் புகும்?

பேச்சு மொழிச் சிகிச்சை என்பது நாவுக்கு மருந்து பூசும் வேலையன்று. சிகிச்சையாளர் குழந்தையோடு தரையில் அமர்ந்து விளையாடுகிறார். அது நோக்கும் பொருளைப் பெயர் சொல்லிக் காட்டுகிறார். சொல்லிவிட்டு, அதன் மறுமொழிக்காகப் பொறுத்திருக்கிறார். தாய்க்கும் அதனையே கற்பிக்கிறார். ஏனெனில் அவர் செய்யும் ஒரு மணி நேரப் பயிற்சியினும் வீட்டார் நாள்தோறும் செய்வதே பெரிது. வாய்ச்சொல் வரவியலாத குழந்தைக்குப் படங்களாலும் சைகையாலும் கருத்துரைக்கும் வழியைக் காட்டுகிறார்.

இப்பணிக்கு மொழியறிவே கருவி. எழுத்துக்கள் எவ்வெவ்விடத்திற் பிறக்கின்றன என்பதற்குத் தொல்காப்பியர் பிறப்பியல் என்று ஓர் இயலையே வகுத்தார். 'காக்கா' என்பதைத் 'தாத்தா' என்னும் குழந்தை, நாவின் அடியிற் பிறக்கவேண்டிய ஒலியை அதன் நுனியிற் பிறப்பிக்கிறது. இரண்டு வயதில் அது மழலை. ஏழு வயதிலும் நீடித்தால் திருத்தவேண்டிய குறை. ஆனால் 'பழம்' என்பதைப் 'பளம்' என்னும் பிள்ளையிடம் குறையில்லை. அதன் தாயும் அவ்வாறே சொல்கிறாள். அறையைக் 'காம்பரா' என்பதும், வாசற்றிண்ணையை 'இஸ்தோப்பு' என்பதும் மலையகத்தின் வழக்குகள். எது மழலை, எது வட்டார வழக்கு, எது குறை என்று பிரித்தறிய அந்த மண்ணின் தமிழ் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலக் குழந்தைக்கென வகுத்த சோதனையை மொழிபெயர்த்து வைத்து இதனை அறிதல் இயலாது.

இலங்கையில் இத்துறைக்கான பயிற்சி 1997 இல் களனிப் பல்கலைக்கழகத்திலே தொடங்கிற்று. ராகமையிலுள்ள அதன் மருத்துவ பீடத்திற் பின்னர் பட்டப்படிப்பாக வளர்ந்தது. பாராட்டத்தக்க முயற்சி. ஆயினும் கற்பது ஆங்கிலத்தில். கற்று வெளியேறுவோருள் தமிழ் பேசுவோர் சிலரே. சிங்களம் மட்டும் அறிந்த சிகிச்சையாளர் முன் தமிழ்த் தாய் அமரும்போது இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். காய்ச்சலுக்கு அது போதும். மொழியையே வளர்க்க வந்த இடத்தில் அது எங்ஙனம் போதும்? குழந்தை குழம்பாதிருக்க வீட்டு மொழியை விட்டுவிடுங்கள் என்பாரும் உளர். இருமொழி கேட்பதால் மொழிக்குறை உண்டாவதில்லை என்பதே ஆராய்ந்தோர் முடிவு. தனக்கு வராத மொழியில் தாய் பேச முயன்றால், இருந்த உரையாடலும் வற்றிவிடும்.

அத்தாயின் நாளையும் எண்ணிப் பாருங்கள். விடிந்ததும் குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு மலையேறுகிறாள். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். வைத்தியசாலைக்குச் செல்லும் நாளில் அந்த அரைப்பேரும் இல்லை. இச்சிகிச்சையோ ஒரு முறை சென்று முடிவதன்று. மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் செல்லவேண்டும். மூன்றாம் முறை அவள் வராவிடின், அக்கறையில்லாத தாய் என்று பழி கூறுதல் எளிது. 2017 இல் இந்திய அரசின் உதவியோடு டிக்கோயாவில் 150 படுக்கைகள் கொண்ட வைத்தியசாலை திறந்துவைக்கப்பட்டது. அத்தகைய கட்டிடங்கள் வேண்டியவையே. ஆனால் பேசாப் பிள்ளையின் தாய்க்கு வேண்டுவன, தன் மொழியறிந்த ஒரு சிகிச்சையாளரும் சம்பளம் குறையாத ஒரு நாளுமே.

மலையகத்துக்கு நன்மைகள் பிந்தியே வந்தன. 1947 தேர்தலில் தோட்ட மக்கள் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். அவருள் ஒருவர் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டமும் அக்குரலை அடைத்தன. 1945 இன் இலவசக் கல்வி தோட்டப் பாடசாலைகளை எட்ட 1970கள் ஆயின. தமிழ் 1987 இல் அரசகரும மொழியாயிற்று. மாற்றுத்திறனாளர் உரிமைகளைக் காக்கும் சட்டம் 1996 இல் வந்தது. அது பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை அரசு 2016 இல் உறுதிசெய்தது. சட்டத்திற்குக் குறைவில்லை. பிந்தி வந்த வாக்குரிமையை நாற்பது வயதிலும் பயன்படுத்தலாம். மொழியோ அவ்வாறன்று, அதற்குரிய இளம்பருவம் கழிந்தபின் இழந்ததை மீட்டல் மிக அரிது.

ஆதலின் செய்யத்தக்கவற்றைத் தாமதமின்றித் தொடங்கவேண்டும். உயிரியல் கற்கும் மலையக மாணவருக்கு இப்படியொரு தொழில் உண்டென்பதை ஆசிரியர் எடுத்துரைக்க வேண்டும். அதனைக் கற்க முன்வருவோருக்கு உதவித்தொகை வேண்டும். பிள்ளைக் காம்பராப் பொறுப்பாளருக்கும் குடும்பநல உத்தியோகத்தருக்கும், பத்தனை ஸ்ரீபாத கல்விக் கல்லூரியிற் பயிலும் ஆசிரியருக்கும், ஐயுறவேண்டிய அறிகுறிகளைக் கற்பிக்க வேண்டும். தோட்ட நிர்வாகங்கள் சிகிச்சை நாளுக்கு முழுப்பேர் போடவேண்டும்.

இலக்கிய வட்டத்தாருக்கும் இதிற் பணி உண்டு. சி. வி. அவர்கள் தோட்டத்து மக்களின் பாடல்களைத் திரட்டி 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற நூலாக்கினார். அவ்வாறே, மலையகக் குழந்தை இரண்டு வயதில், மூன்று வயதில் என்னென்ன சொற்களைச் சொல்கிறது என்பதை நாம் திரட்டினால், நாளைய சிகிச்சையாளருக்கு அதுவே அளவுகோலாகும். ஆசிரியர் இதற்கென எவருடைய ஆணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. கடைசி வாங்கிலிருக்கும் அமைதியான பிள்ளையிடம் நாளைக் காலை ஒரு வினாவைக் கேட்டு, பத்து எண்ணும் வரை மறுமொழிக்காகப் பொறுத்திருந்து பார்க்கலாம்.