உப்பு: நாக்கு சொல்லும் இரண்டு தீர்ப்பு

ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு சாப்பாட்டு மேஜை. அறுபதைத் தாண்டியவருக்கு ரத்த அழுத்தம். உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். மளிகைக் கடையிலிருந்து 'சோடியம் குறைந்த உப்பு' பாக்கெட் வந்து இறங்கியது. முதல் நாள் ரசத்திலேயே தகராறு. "என்ன இது, மருந்துத் தண்ணி மாதிரி?" என்கிறார் கணவர். "டாக்டர் சொன்ன உப்புதாங்க" என்கிறார் மனைவி. இதே சண்டை அம்பத்தூரிலும் நடக்கும், தாராவியிலும் நடக்கும். தவறு சமையலில் இல்லை. நாக்கிலுள்ள செல்களில் இருக்கிறது விஷயம்.

நாக்கின் ஒவ்வொரு சுவை மொட்டிலும் 50 முதல் 100 செல்கள் உள்ளன. இனிப்போ கசப்போ செல்லின் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு, உள்ளே ஒரு ரசாயனச் சங்கிலியைத் தூண்டும். உப்பின் வழி வேறு. உப்பிலுள்ள சோடியம் ஒரு நுண்ணிய வாசல் வழியாக நேராகச் செல்லுக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. மின்னூட்டம் கொண்ட சோடியம் நுழைந்ததும் செல்லில் மின் துடிப்பு உண்டாகிறது. அது நரம்பு வழியே மூளைக்குச் சேதியாகப் போகிறது.

இந்த வாசல் சிறுநீரகத்திலும் உண்டு. அங்கே அதை அடைக்கும் மருந்து அமிலோரைடு. அதையே எலியின் நாக்கில் தடவினால் உப்பு உணர்வு மங்குகிறது என்று 1984இல் அமெரிக்க விஞ்ஞானிகள் காட்டினார்கள். 2010இல் சார்லஸ் சூக்கர், ஜெயராம் சந்திரசேகர் குழுவினர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். சுவை செல்களில் இந்த வாசலே இல்லாத சுண்டெலிகளை உருவாக்கினார்கள். அவற்றுக்கு உப்பின் மீதிருந்த ஆசை போய்விட்டது. ஆனால் உப்பு கரிக்கும் தண்ணீரைக் கண்டால் மட்டும் வழக்கம்போல் ஒதுங்கின.

ஆசை போயும் வெறுப்பு எப்படி மிஞ்சியது? 2013இல் விடை கிடைத்தது. உப்பு அளவு மீறும்போது கசப்பையும் புளிப்பையும் உணரும் செல்கள் விழித்துக்கொண்டு 'வேண்டாம்' என்கின்றன. அந்த இரண்டையும் செயலிழக்கச் செய்தபோது, சுண்டெலிகள் கடும் உப்புத் தண்ணீரையும் விரும்பிக் குடித்தன. ஆக, அளவான உப்புக்கு ஒரு தீர்ப்பு, அதிக உப்புக்கு வேறொரு தீர்ப்பு. வழங்கும் செல்களும் வேறு வேறு. மனித நாக்கில் அமிலோரைடு பெரிதாக வேலை செய்வதில்லை. எனவே நமக்கு வேறொரு வழியும் இருக்க வேண்டும் என்று ஆராய்ச்சி தொடர்கிறது.

இனி ரசத்துக்கு வருவோம். சோடியம் குறைந்த உப்பில் ஒரு பகுதி பொட்டாசியம் குளோரைடு. சோடிய வாசல் பொட்டாசியத்தை உள்ளே விடாது. அது போய்த் தட்டுவது கசப்பு, புளிப்புச் செல்களைத்தான். அதனால்தான் அந்த மருந்து ருசி.

அதற்காக, நாக்கு ஏற்றுக்கொள்வதெல்லாம் நல்லது என்றும் நம்பிவிட முடியாது. லித்தியத்துக்கு அதே வாசல் திறக்கும். 1940களின் இறுதியில் அமெரிக்காவில் லித்தியம் குளோரைடை உப்புக்குப் பதிலாக விற்றார்கள். ருசி பொருந்தியது. ஆனால் விஷமாகிச் சிலர் இறந்தார்கள். 1949இல் அது கடைகளிலிருந்து அகற்றப்பட்டது.

உப்பு அரிதாகக் கிடைத்த காட்டு வாழ்க்கைக்கு ஏற்பட்ட ஆசை இது. இன்று அப்பளம், ஆவக்காய், மிக்சர் என்று எங்கும் உப்பு. நாள் ஒன்றுக்கு 5 கிராம், அதாவது சுமார் ஒரு டீஸ்பூன், போதும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 1918இல் குன்னூரில் தொடங்கி 1958இல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்த நிறுவனம் அது.

மாற்று உப்பால் பலன் உண்டா? சீனாவில் 600 கிராமங்களில் நடந்த ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது. கால் பங்கு பொட்டாசியம் கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், பொட்டாசியத்தை உடலில் தேக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இது ஆபத்து. அமிலோரைடும் அத்தகைய மாத்திரைதான். டாக்டரைக் கேட்காமல் பாக்கெட்டைப் பிரிக்கக் கூடாது.

கசப்பு பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி, சாதா உப்பையே படிப்படியாகக் குறைப்பது. சில மாதங்கள் உப்பைக் குறைத்துச் சாப்பிட்டவர்களுக்குப் பழைய அளவு அதிகமாகப் பட்டது என்று 1982இலேயே அமெரிக்க ஆய்வு ஒன்று தெரிவித்தது. ருசி மாறும், ஆனால் ஒரே நாளில் மாறாது. ஏ.எஸ்.ராவ் நகர் ரசத்துக்கு இரண்டு மூன்று மாதம் அவகாசம் கொடுத்தால் சண்டை தானாகத் தீரும்.