அந்த வாயு தற்செயலாக வரவில்லை

தோழர்களே,

"விஷவாயு தாக்கி தொழிலாளர் பலி" என்று செய்தி வருகிறது. எங்கிருந்தோ வந்து தாக்கியதுபோல எழுதுகிறார்கள். உண்மை வேறு. செப்டிக் டேங்கில் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் மலத்தைச் செரிக்கின்றன. அப்போது மீத்தேன், கரியமில வாயு, ஹைட்ரஜன் சல்பைடு உருவாகின்றன. டேங்க் ஒழுங்காக வேலை செய்தாலே இந்த வாயுக்கள் இருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மோப்பமே மரத்துவிடும். நாற்றம் இல்லையே என்று இறங்குகிறவர் விழுவார், தூக்கப் போகிறவரும் விழுவார். முன்பே தெரிந்த ஒன்றை எப்படி விபத்து என்பது?

பாக்டீரியா எல்லாவற்றையும் செரிக்காது. கசடு அடியில் தங்கும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை லாரி வைத்து உறிஞ்ச வேண்டும். காசு மிச்சம் என்று வருடக்கணக்கில் விட்டால் இறுகிப்போகும், குழாயில் ஏறாது. அப்போதுதான் "ஆளைக் கூப்பிடு" என்கிறார்கள். கொங்கு மண்ணில் அந்த ஆள் பெரும்பாலும் அருந்ததியர். பொறியியல் பாதியில் விட்ட வேலையைச் சாதியிடம் ஒப்படைக்கிறார்கள்.

2013 சட்டத்தின் 7ஆம் பிரிவு, பாதுகாப்பில்லாமல் டேங்க் சுத்தம் செய்ய ஆளை அமர்த்துவதைத் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறை. ஜாமீனில் விட முடியாத குற்றம். இழப்பீடாக 2014இல் 10 லட்சம், 2023இல் 30 லட்சம் என்றது உச்ச நீதிமன்றம். சாவின் விலை ஏறியிருக்கிறது, சாவு நிற்கவில்லை.

வழி இல்லாமல் இல்லை. கோவைக்குப் பக்கத்தில் பெரியநாயக்கன்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையம் பகுதிகளைக் கசடுக் கழிவு மேலாண்மைக்காக அரசே தேர்ந்தெடுத்தது. தடுப்புச் சுவர் வைத்த புதிய காற்றில்லாத் தொட்டிகளும் வந்துவிட்டன. ஆனால் அவற்றிலும் கசடு தங்கும். யார் எடுப்பது என்ற கேள்விக்குப் பதில் இல்லாத எந்தத் தொழில்நுட்பமும் நமக்கு விடுதலை தராது.

பீளமேட்டில் ஹாஸ்டலிலும் வாடகை அறையிலும் தங்கிப் படிக்கும் தம்பி தங்கைகளே, வார்டனிடமும் வீட்டு ஓனரிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். நம் டேங்க் எங்கே இருக்கிறது? கடைசியாக எப்போது எடுத்தார்கள்? லாரியா, ஆளா? சிவில் படிப்பவர்கள் டேங்க் வரையும்போது லாரிக் குழாய் எட்டும் வழியையும் சேர்த்து வரையுங்கள். ஆள் இறங்குவதைப் பார்த்தால் நிறுத்துங்கள், போலீசைக் கூப்பிடுங்கள். இறந்தபின் மெழுகுவத்தி ஏற்றுவதைவிட இது நம்மால் முடிந்த பெரிய வேலை.

ஜெய் பீம்.