தங்கவயலுக்கு வேண்டியது ஹைட்ரஜனா, தொழிற்சாலையா?

தண்ணீரில் கார் ஓடும் என்று யாராவது சொன்னால் கூட்டம் கூடிவிடுகிறது. 1996-ல் மூலிகை பெட்ரோல் என்று தமிழ்நாடே பரபரப்படைந்தது. அந்த விவகாரம் வழக்காகி, 2016-ல் சென்னை நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது.

இப்போது பேசப்படும் ஹைட்ரஜன் அப்படிப்பட்ட மோசடி அல்ல, உண்மையான விஞ்ஞானம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. தண்ணீர் எரிபொருள் அல்ல. அது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன். அடுப்புச் சாம்பல் மாதிரி. சாம்பலை மறுபடி விறகாக்க வேண்டுமானால் செலவு உண்டு. தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி ஒரு கிலோ ஹைட்ரஜன் பிரிக்கச் சுமார் 50 யூனிட் மின்சாரமும், குறைந்தது 9 லிட்டர் சுத்த நீரும் வேண்டும். அந்த ஒரு கிலோவில் கிடைக்கும் சக்தியோ சுமார் 33 யூனிட்தான். சூரிய ஒளி, காற்று ஆகியவற்றின் மின்சாரத்தில் பிரித்தால்தான் அதற்கு 'பசுமை' என்ற பெயர் பொருந்தும். மின்கம்பி போகும் பாதையில் மின்சார ரயிலே சிக்கனம். உரம், உருக்கு போன்ற தொழில்களுக்கே ஹைட்ரஜன் அவசியம்.

மின்சாரத்தின் அருமை தங்கவயலுக்குப் புதிதல்ல. 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 90 மைல் கம்பி இழுத்து இங்கே மின்சாரம் கொண்டுவந்தார்கள். தங்கம் வெளியே போயிற்று. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கமும் மூடப்பட்டது. மிஞ்சியவை சயனைடு மண்மேடுகளும், விடியுமுன் பெங்களூர் ரயிலுக்கு ஓடும் பிள்ளைகளும்தான்.

2023 ஜனவரியில் மத்திய அரசு 19,744 கோடி ரூபாயில் தேசிய பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தி என்பது இலக்கு. ஹைட்ரஜன் உற்பத்திக்கு மட்டுமல்ல, தண்ணீரைப் பிரிக்கும் கருவிகளை நாட்டிலேயே செய்வதற்கும் அதில் ஊக்கத்தொகை உண்டு.

தங்கவயல் கேட்க வேண்டியது இந்த இரண்டாவதைத்தான். குடிநீருக்கே குடத்துடன் காத்திருக்கும் ஊரில் ஹைட்ரஜன் ஆலை வைப்பது நியாயமாகாது. கருவி செய்யும் தொழிற்சாலைக்கு அவ்வளவு தண்ணீர் வேண்டாம். பிட்டரும் வெல்டரும் எலக்ட்ரீஷியனும்தான் வேண்டும். அந்தக் கைகளுக்கு இங்கே என்றைக்கும் பஞ்சமில்லை.

தொழிற்சங்கங்களும் மக்கள் பிரதிநிதிகளும் கட்சி பேதம் பாராமல் இதை வலியுறுத்த வேண்டும். பூமிக்கடியில் இறங்கி நாட்டுக்குத் தங்கம் தந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கேட்பது தானம் அல்ல; சொந்த ஊரில் ஒரு வேலை.