மூடிய இல்லங்களின் கோப்புகள் எங்கே?

2024 செப்டம்பர் 11-ஆம் தேதி, சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் குளோபல் இக்வான் நிறுவனத்தோடு தொடர்புடைய 20 இல்லங்களில் போலீஸ் சோதனை நடத்தி 402 பிள்ளைகளை மீட்டது. ஒரு வயதுக் குழந்தைகூட அதில் இருந்தது. 171 பேர் கைதானார்கள். தண்டனை என்ற பெயரில் காய்ச்சிய உலோகத்தால் பிள்ளைகளுக்குச் சூடு வைத்திருக்கிறார்கள் என்று அப்போதைய போலீஸ் படைத் தலைவர் டான்ஸ்ரீ ரசாருடின் உசேன் சொன்னார். இரு மாநில எல்லையை ஒட்டியிருக்கும் எங்கள் செமினியில் சாப்பாட்டுக் கடையிலும் கோயில் வாசலிலும் கொஞ்ச நாள் இதே பேச்சாக இருந்தது. பிறகு, வழக்கு நடக்கிறது, கோர்ட் பார்த்துக்கொள்ளும் என்று எல்லோரும் அடங்கிவிட்டோம்.

இவர் இந்தக் குற்றத்தைச் செய்தாரா இல்லையா என்பதைத்தான் கோர்ட் பார்க்கும். இத்தனை இல்லங்கள் நடந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் யார், புகார் எந்த மேசையில் தூங்கியது, இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன்பு வேறு இல்லங்களில் வளர்ந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதெல்லாம் அதன் வேலையில்லை. அதற்கு அரச விசாரணை ஆணையம் வேண்டும். 1950-ஆம் ஆண்டு விசாரணை ஆணையச் சட்டப்படி மாமன்னர் அதை அமைக்கலாம். போலீஸ் படையைச் சீர்படுத்த 2004-இல் அமைத்தோம். வங் கெலியான் ஆள்கடத்தல் முகாம்கள் பற்றி விசாரிக்க 2019-இல் அமைத்தோம். இல்லத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்காக ஒன்று அமைக்க இன்னும் மனம் வரவில்லை.

நான் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். தோட்டங்களை விற்று வீடமைப்புப் பகுதிகளாக மாற்றிய காலத்தில், லயத்தை விட்டு வெளியேறிய சில குடும்பங்கள் பிள்ளைகளை இல்லத்தில் சேர்த்தன. தாய் தகப்பன் உயிரோடு இருந்தார்கள். பிள்ளை மூன்று வேளை சாப்பிட்டுப் படிக்கட்டும் என்றுதான் சேர்த்தார்கள். அப்படி ஓர் இல்லத்திலிருந்து என் வகுப்புக்கும் வேனில் பிள்ளைகள் வந்தார்கள். பள்ளி முடிந்து மணி அடித்ததும் மற்றவர்கள் ஓடுவார்கள். இவர்கள் மட்டும், “பலகையைத் துடைக்கட்டுமா டீச்சர்?” என்று நிற்பார்கள். ஒருவனின் கெண்டைக்காலில் தழும்புகளைப் பார்த்துவிட்டுப் புகார் எழுதிக் கொடுத்தேன். விசாரிக்க ஆள் வந்தார். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று பதில் கிடைத்தது.

அந்தப் பையனுக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது, லோரி ஓட்டுகிறார். சில ஆண்டுகளுக்கு முன் வீட்டுக்கு வந்தபோது, அன்று நடந்ததைச் சொன்னார். “வர்றாங்கன்னு முதல் நாளே போன் வந்திருச்சு டீச்சர். எல்லாருக்கும் புதுச் சட்டை போட்டுவிட்டாங்க. ரோத்தானைத் தூக்கி அலமாரி மேல வச்சாங்க. வந்தவர் பேசி முடிக்கிற வரைக்கும் நாங்க எல்லாரும் அந்த அலமாரியையேதான் பாத்துக்கிட்டு நின்னோம்.” அவருக்கு நஷ்டஈடு ஆசை இல்லை. தன்னை இல்லத்தில் சேர்த்தபோது கையெழுத்துப் போட்டது அப்பாவா, பெரியப்பாவா என்று தெரியவேண்டும். அந்த இல்லம் மூடிப் பல காலம் ஆகிறது. கோப்பு எங்கே என்று சொல்ல ஆளில்லை.

அயர்லாந்தில் மதச் சபைகள் நடத்திய இல்லங்கள் பற்றிய ரயன் அறிக்கை 2009-இல் வெளிவந்தது. மேற்பார்வை செய்யவேண்டிய கல்வித் துறை அந்தச் சபைகளுக்குப் பணிந்தே போனது என்று அது எழுதியது. அதைப் படித்தபோது அலமாரி மேல் இருந்த ரோத்தான்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

நம் நாட்டில் சட்டத்துக்குக் குறைவில்லை. 1990-இல் கொடுமை தாளாமல் ஓர் இந்தியக் குழந்தை இறந்த பிறகு, 1991-இல் சிறார் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ரிச்சர்ட் ஹக்கல் என்ற பிரிட்டிஷ்காரன் கோலாலம்பூரில் ஏழைப் பிள்ளைகளிடம் தொண்டன், ஆசிரியன் என்று பழகிச் சீரழித்தான். அவர்களில் நம் இனத்துப் பிள்ளைகளும் உண்டு. 2016-இல் லண்டனில் அவனுக்கு 22 ஆயுள் தண்டனை கிடைத்தது. மறு ஆண்டு இங்கே சிறார் பாலியல் குற்றச் சட்டம் நிறைவேறியது. இனிமேல் நடப்பதற்கு இப்படிப்பட்ட சட்டங்கள் காவல். ஏற்கெனவே நடந்ததைச் சொல்ல வருபவருக்கு இவற்றில் ஒரு நாற்காலிகூட இல்லை.

சிவில் வழக்குப் போடலாமே என்பார்கள். காலவரம்புச் சட்டம் ஆறு ஆண்டு தருகிறது. சிறுவயதில் பாதிக்கப்பட்டவருக்கு 18 வயதிலிருந்து எண்ணினால் 24-இல் கதவு சாத்தப்படும். அரசாங்கத்தின் மீது வழக்கென்றால் 36 மாதம்தான். நிறுவனங்களில் நடந்த சிறார் பாலியல் கொடுமை பற்றி விசாரித்த ஆஸ்திரேலிய அரச ஆணையம் 2013 முதல் 2017 வரை எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஒவ்வொருவராக, தனி அறையில் உட்காரவைத்துக் கேட்டது. பாதிக்கப்பட்டவர் முதன்முதலாக வாய் திறக்கச் சராசரியாக ஏறக்குறைய 24 ஆண்டு ஆகிறது என்று கண்டது. எட்டு வயதில் நடந்ததை ஒருவர் முப்பத்திரண்டு வயதில்தான் சொல்கிறார். நம் சட்டம் அதற்கு எட்டு ஆண்டு முன்பே அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. இந்த ஒரு கணக்குக்காகவே சட்டத்தைத் திருத்தவேண்டும்.

நல்ல இல்லங்களின் பெயரும் கெடுமே என்று கேட்பவர்கள் உண்டு. சொந்த நகையை அடகு வைத்துப் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவர்களை எனக்குத் தெரியும். பழைய கணக்கு தீராததால்தான் இன்று அவர்கள் மீதும் சந்தேகம் விழுகிறது. தீபாவளிக்கு முறுக்கு டின்னும் பிறந்தநாளுக்குக் கேக்கும் எடுத்துப்போய், பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்துப் போடும் நம்மவர்கள் அந்தப் படத்தில் உள்ள ஒரு பிள்ளையோடு ஐந்து நிமிடம் தனியாகப் பேசியிருப்பார்களா? ஹக்கலும் அப்படி நல்லது செய்யத்தான் வந்தான் என்று நம்பியிருந்தோம்.

ஆணையம் அமைந்தால் அது கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் வந்து உட்காரவேண்டும். தமிழில் பேசுகிறவரைத் தமிழிலேயே கேட்கவேண்டும். எந்த மதத்தார் நடத்திய இல்லமானாலும், அரசாங்கமே நடத்தியதானாலும் விலக்குக் கூடாது. அதற்கெல்லாம் அமைச்சரவை கூடி முடிவெடுக்க நாளாகலாம். ஆனால் மூடிய இல்லங்கள், நடக்கும் இல்லங்கள் எல்லாவற்றின் சேர்க்கைப் பதிவேடுகளையும் புகார்க் கடிதங்களையும் யாரும் அழிக்கக்கூடாது என்று சமூகநல இலாகா ஒரு சுற்றறிக்கை அனுப்ப அமைச்சரின் கையெழுத்து ஒன்று போதும். அதை இந்த மாதமே கேட்டு வாங்கவேண்டியது நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்களின் வேலை.