ஒரு சாண் ரப்பர் குழாய்

பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர் எதெதற்குச் செலவழிக்கிறார் என்று கணக்கெடுத்தால் வேடிக்கையாக இருக்கும். ஹேண்டில்பாருக்குக் குரோமியம் முலாம், டேங்கின் மேல் கையால் இழுத்த தங்க நிறக் கோடு, பழைய அச்சில் வார்த்த பெயர்ப் பலகை, சத்தம் 'அசலாக' வர வேண்டும் என்று தேடிப் பிடித்த சைலன்சர். கரோல்பாக், பெங்களூர் ஜே.சி. ரோடு, சென்னை புதுப்பேட்டை என்று அலைந்து ஆயிரக்கணக்கில் கொட்டுவார். பெட்ரோல் டேப்பையும் கார்புரேட்டரையும் இணைக்கும் ரப்பர் குழாய் மட்டும் பத்து வருடத்துக்கு முன்னால் மெக்கானிக் மாட்டிவிட்டதாகவே இருக்கும். அதன் விலை இரண்டு முறை டிபன் சாப்பிடும் செலவு.

பழைய வண்டி தீப்பிடித்தது என்று செய்தி வந்தால் நான் முதலில் நினைப்பது இந்தக் குழாயைத்தான். பெட்ரோலின் ஆவி பற்றிக்கொள்ளும் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 40 டிகிரி. நம் நாட்டில் எந்த ஊரிலும் எந்தப் பருவத்திலும் அது பற்றத் தயாராகவே இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது; மேலே பறந்து போகாமல் கீழே இறங்கி எஞ்சினைச் சுற்றித் தங்கும். வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட பழைய புல்லட்டில், பொறி தட்டும் பாயிண்ட் பெட்டி கார்புரேட்டருக்கு அருகிலேயே இருக்கிறது. சொட்டும் குழாய், சூடான சிலிண்டர், ஒரு பொறி. மூன்றும் ஒரே முழத்துக்குள் அடக்கம்.

இந்தப் பழைய ஆபத்தோடு புதிய விஷயம் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. 2003 ஜனவரியில் 9 மாநிலங்களிலும் 4 யூனியன் பிரதேசங்களிலும் பெட்ரோலில் 5 சதவீத எத்தனால் கலக்கும் திட்டம் தொடங்கியது. 2022 ஜூனில் அது 10 சதவீதத்தைத் தொட்டது. 2023 பிப்ரவரி 6ஆம் தேதி பெங்களூரில் 20 சதவீதக் கலவை அறிமுகமாயிற்று; 2025க்குள் நாடெங்கும் பங்க்குகளில் அதுவே வழக்கமாகிவிட்டது. பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது. திருவொற்றியூரில் 1970களில் செய்த புல்லட்டும் மைசூரில் செய்த யெஸ்டியும் எத்தனாலை மனதில் வைத்து வடிவமைக்கப்பட்டவை அல்ல.

எத்தனால் மூன்று காரியங்களைச் செய்கிறது. சாதாரண ரப்பரில் ஊறி அதை உப்ப வைக்கிறது; ரப்பரை நெகிழ்வாக வைத்திருக்கும் பொருளைக் கரைத்து எடுத்துவிடுவதால், வண்டி சும்மா நின்று குழாய் காய்ந்ததும் வெடிப்பு விழுகிறது. இரண்டாவது, காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிறது. அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்கின் அடியில் படிந்து துருவை வளர்க்கும். மூன்றாவது, டேங்கில் பல வருடங்களாக ஒட்டியிருந்த பிசினையும் துருவையும் கிளப்பிவிடுகிறது. கிளம்பியது அனைத்தும் நேராகக் கார்புரேட்டரை நோக்கித்தான் வரும். அங்கே பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு.

ஆகவே முதலில் குழாயைப் பார்ப்போம். கடைகளில் சாதாரணமாகத் தரும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் பார்க்க அழகு. சில மாதங்களில் மஞ்சளாகி, குச்சிபோல் விறைத்துவிடும். சிலிக்கான் குழாய் என்று யாராவது சிபாரிசு செய்தால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். வெப்பத்தை அது தாங்கும், பெட்ரோலைத் தாங்காது. மேலே துணி அல்லது எஃகுப் பின்னல் போட்ட குழாய் கம்பீரமாகத்தான் இருக்கும், உள்ளே ரப்பர் வெடித்திருப்பது மட்டும் கண்ணுக்குத் தெரியாது. வாங்க வேண்டியது பெட்ரோலுக்கென்றே செய்து, மேலே தரக் குறியீடு அச்சிட்ட குழாய். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்ற குறி இருந்தால் உத்தமம். அதன் உட்சுவர் எத்தனாலைத் தாங்கும் ஃப்ளோரோ ரப்பரால் ஆனது. எந்தக் குறியும் இல்லாத கறுப்புக் குழாய் தண்ணீர் பாய்ச்சுவதற்குத்தான் லாயக்கு. உள்விட்டத்தை டேப்பின் மூக்கை அளந்து பார்த்து வாங்குங்கள், 6 மி.மீ. அளவே அதிகம் புழங்குகிறது. ரம்பத்தால் அறுக்காமல் புது பிளேடால் வெட்டி, ஊதிவிட்டு மாட்டுங்கள். வெட்டிய ரப்பர் துகளே முதல் அடைப்பாக அமைவதுண்டு.

அடுத்தது குழாய் செல்லும் பாதை. பழைய வண்டியில் பம்ப் கிடையாது. பெட்ரோல் தன் எடையால் மட்டுமே இறங்குகிறது. டேங்கின் அடிக்கும் கார்புரேட்டருக்கும் 20 செ.மீ. உயர வித்தியாசம் இருந்தால், அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 0.2 பவுண்டுதான். இவ்வளவு பலவீனமான ஓட்டத்துக்கு மேடு ஏறத் தெரியாது. குழாய் வழியில் ஓரிடத்தில் முதுகு வளைத்து மேலே எழும்பினால் அங்கே காற்றுக்குமிழ் உட்கார்ந்துகொள்ளும். எனவே டேப்பிலிருந்து கார்புரேட்டர் வரை தொடர்ந்து கீழ்நோக்கியே இறங்க வேண்டும். மடிப்பு விழும் அளவுக்குத் திருப்பக் கூடாது. விறைப்பாக இழுத்தும் மாட்டக் கூடாது. சிலிண்டர் துடுப்புகளிலிருந்து குறைந்தது இரண்டு விரல்கடை தள்ளியிருக்கட்டும். மே மாத வெயிலில், போக்குவரத்து நெரிசலில் நின்று நின்று போகும்போது குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி எஞ்சின் நின்றுவிடுவது இந்த இடைவெளி இல்லாத வண்டிகளில்தான். ஃபிரேமிலோ கேபிளிலோ உரசுகிறதா என்று எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். ஒற்றைச் சிலிண்டர் அதிர்வில் உரசல் என்பது அரம் போட்ட மாதிரி.

இரு முனைகளிலும் கிளிப் வேண்டும். கட்டுக்கம்பியை முறுக்கிக் கட்டுவது நம் சாலையோரக் கலாசாரம். அது ரப்பரை அறுக்கும். இந்தச் சிறிய குழாய்க்கு ஸ்பிரிங் கிளிப்பே போதுமானது.

இனி ஃபில்டர். டேப்பின் மேல் முனையில், டேங்குக்குள் நீட்டிக்கொண்டு ஒரு வலை இருக்க வேண்டும். பல வண்டிகளில் அது கிழிந்தோ காணாமலோ போயிருக்கும். முதலில் அதைச் சரி செய்யுங்கள். பிறகு குழாயின் நடுவே ஒரு ஃபில்டர் போடலாம். காருக்கு உண்டான காகித ஃபில்டரை மாட்டுவது பரவலான தவறு. அது சதுர அங்குலத்துக்கு மூன்று நான்கு பவுண்டு அழுத்தத்தில் பம்ப் தள்ளும் பெட்ரோலுக்காகச் செய்தது. தண்ணீர் பட்டால் காகிதம் உப்பி வழியை அடைத்துவிடும். யெஸ்டி மாதிரி ஆயில் கலந்து ஓட்டும் வண்டியில் அதன் ஆயுள் இன்னும் குறைவு. நைலான் வலை கொண்ட, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிகிற சிறிய பிளாஸ்டிக் ஃபில்டர் போதும். வெண்கலத் தூளை இறுக்கிச் செய்த வடிகட்டி இன்னும் நுண்மையானது. கழுவி மீண்டும் பயன்படுத்தலாம். திருகு மூடி போட்ட கண்ணாடி ஃபில்டர் வேண்டாம். அதிர்வில் மரை தளர்ந்து கசியும்.

ஃபில்டரின் மேலுள்ள அம்புக்குறி கார்புரேட்டரைப் பார்க்கட்டும். ஃபில்டர் கூடியவரை செங்குத்தாக நிற்கட்டும். பாதி நிரம்பி மேலே காற்று தெரிந்தால் பதற வேண்டாம், ஓட்டம் சரியாக இருந்தால் அது குற்றமல்ல. 'பாதுகாப்புக்கு இரண்டு' என்று அடுத்தடுத்து இரண்டை மாட்டினால் ஓட்டம்தான் குறையும்.

ஓட்டம் சரியா என்று அறிய எளிய சோதனை உண்டு. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். திறந்தவெளியில், தீயும் சிகரெட்டும் இல்லாத இடத்தில் செய்ய வேண்டும். குழாயைக் கார்புரேட்டர் முனையில் கழற்றி, அளவுக் குறியிட்ட கண்ணாடிப் பாத்திரத்தில் ஒரு நிமிடம் பெட்ரோலைப் பிடியுங்கள். லிட்டருக்கு 30 கி.மீ. தரும் புல்லட் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் 2 லிட்டர் குடிக்கும். நிமிடத்துக்குச் சுமார் 33 மில்லி. மேட்டில் முறுக்கும்போது இதைப்போல் பல மடங்கு தேவை. எனவே 150 மில்லியாவது விழ வேண்டும். குறைந்தால் டேங்க் மூடியைத் திறந்து வைத்து மறுபடி பிடியுங்கள். இப்போது கூடுதலாக விழுந்தால் குற்றவாளி ஃபில்டர் அல்ல, மூடியிலுள்ள அடைபட்ட காற்றுத் துளை. பத்து கிலோமீட்டர் ஓடி நின்றுபோகும் பல வண்டிகளில் நோய் இதுதான். அதற்குக் கார்புரேட்டரைப் பிரித்து மேய்கிறார்கள்.

'அசல் தன்மை போய்விடுமே' என்று ஒரு கட்சி இருக்கிறது. 2021இல் மத்திய அரசு வகுத்த விதிகளின்படி 50 ஆண்டு கடந்த வண்டிகள் வி.ஏ. வரிசை எண் பெறலாம். ஃபிரேம், எஞ்சின் போன்றவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பதே அதில் நிபந்தனை. குழாயும் ஃபில்டரும் டயர் போல, தேய்ந்தால் மாற்றுவதற்கென்றே பிறந்தவை. கண்காட்சியில் கறுப்புக் குழாய்க்கு மதிப்பெண் குறைப்பவர் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை.

ஃபில்டரை வருடத்துக்கு ஒரு முறையும், குழாயை இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும் மாற்றிவிடுங்கள். மாற்றிய தேதியை ஒரு சிறு சீட்டில் எழுதி டூல் பாக்ஸுக்குள் ஒட்டி வையுங்கள். வண்டியை நிறுத்தும்போதெல்லாம் டேப்பை மூடுங்கள். மூடாவிட்டால், தூசி சிக்கிய ஃப்ளோட் ஊசி வழியாக இரவெல்லாம் கசியும் பெட்ரோல் தரையில் ஓடலாம், எஞ்சின் ஆயிலோடும் கலக்கலாம். காலையில் கிக்கரை மிதிக்கும் முன் ஒரு முறை குனிந்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் அன்று பஸ்ஸில் போவது உத்தமம்.