வலி தணிந்திருக்கும் நேரம்



முழங்கால், இடுப்பு, கழுத்து என்று ஏதோ ஒரு வலியோடு நாளைத் தள்ளுகிறவர்கள் நம்மில் பலர். காதில் ஊசி குத்தினால் அந்த வலி குறையுமா என்ற கேள்விக்கு இந்த மாதப் பக்கத்தை ஒதுக்குகிறேன்.

காது அக்குபங்சரின் இன்றைய வடிவம் பிரான்சில் பிறந்தது. லியோன் நகர மருத்துவர் பால் நொஜியே, 1950களின் தொடக்கத்தில், தம்மிடம் வந்த சிலரின் காது மடலில் ஒரே இடத்தில் சூட்டுத் தழும்பு இருப்பதைக் கவனித்தார். இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் சயாட்டிகா வலிக்காக நாட்டு வைத்தியரிடம் சூடு போட்டுக்கொண்டவர்கள் அவர்கள். வலி விட்டதாகவும் சொன்னார்கள். நொஜியே அதை அலட்சியப்படுத்தாமல் சோதித்தார். சூட்டை விட்டு ஊசிக்கு மாறினார். கருவில் தலைகீழாகக் கிடக்கும் குழந்தையைப் போல, உடலின் உறுப்புகளுக்குக் காதில் இடம் குறித்த வரைபடத்தை 1957இல் வெளியிட்டார். அந்த வரைபடம் முழுவதும் இன்னும் நிரூபணமாகவில்லை. ஆனால் மூளையிலிருந்து வரும் வேகஸ் நரம்பின் கிளை ஒன்று காது மடலில் ஓடுகிறது. அதைத் தூண்டினால் மூளையில் வலியைக் கட்டுப்படுத்தும் பகுதிகளின் செயல்பாடு மாறுகிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

2001இல் அமெரிக்க விமானப்படை மருத்துவர் ரிச்சர்ட் நியம்ட்ஸோ காது அக்குபங்சரைப் போர்க்களத்துக்கு ஏற்றபடி சுருக்கினார். ஒவ்வொரு காதிலும் ஐந்தே புள்ளிகள். ஒரு குட்டி ஊசியைப் பதித்ததும் நோயாளியை எழுந்து நடக்கச் சொல்வார்கள். வலி எவ்வளவு குறைந்தது என்று கேட்ட பிறகே அடுத்த ஊசி. சில நாள்களில் ஊசிகள் தாமாகவே விழுந்துவிடும்.

பலன் எவ்வளவு? திடீர் வலியோடு வந்த அமெரிக்க ராணுவத்தினரும் அவர்கள் குடும்பத்தினருமாக 87 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2006இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு காதில் ஊசியும் போட்டுக்கொண்டவர்களுக்கு, அவசர சிகிச்சைப் பிரிவை விட்டுக் கிளம்புமுன் வலி 23 சதவீதம் குறைந்திருந்தது. 24 மணி நேரம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கும் இவர்களுக்கும் வேறுபாடு இல்லை. நாள்பட்ட வலியில் நம்பிக்கை தருவது 2003இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வு: 90 புற்றுநோயாளிகளில், உரிய புள்ளிகளில் ஊசி பெற்றவர்களுக்கு இரண்டு மாதத்தில் வலி 36 சதவீதம் தணிந்தது. இவை சிறிய ஆய்வுகள். இன்னும் பெரியவை வேண்டும்.

சில மணி நேரமே தணிந்தாலும் அது சிறிய பலன் அல்ல என்பது என் உறுதியான எண்ணம். நாள்பட்ட வலியில் மனிதர் அசையப் பயப்படுகிறார். அசையாததால் தசை தளர்கிறது, மூட்டு இறுகுகிறது, வலி கூடுகிறது. வலி தணிந்திருக்கும் நேரத்தில் கொஞ்சம் நடந்தால், பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சியைச் செய்தால், ஓர் இரவாவது நன்றாகத் தூங்கினால், அந்தச் சுழல் உடையத் தொடங்கும்.

காரணம் தெரியாத வலிக்கு முதலில் மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சுவலி, திடீர்த் தலைவலி, கால் மரத்துப்போதல் என்றால் ஊசிக்காகக் காத்திருக்கவே கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். காதுக் குருத்தெலும்பில் கிருமி புகுந்தால் ஆறுவது கடினம். ஆகவே பயிற்சி பெற்றவரிடம் மட்டும் போங்கள், புது ஊசியை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். மருத்துவரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

வலி குறைந்தால் அன்றே பத்து நிமிடம் நடங்கள். மறுநாள் எப்படி இருந்தது என்று குறித்து வைத்து, அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்