ஸ்கோர் என்ன மச்சி?

போன மாசம் எங்க காலேஜ் டீமுக்கு ஜோனல் ஃபுட்பால் மேட்ச். 3.30 மணிக்கு ஆரம்பம்னு நோட்டீஸ் போர்டுல பெருசா எழுதிப் போட்டிருந்தாங்க. நாங்க எட்டு பேர், "எப்படியும் லேட்டாத்தான் ஆரம்பிப்பாங்க"ன்னு கேன்டீன்ல டீ, பஜ்ஜி எல்லாம் முடிச்சிட்டு ஆடி அசைஞ்சு கிரவுண்டுக்குப் போனா, மணி 4.20. ஹாஃப் டைம்!

எங்க கிளாஸ் பையன் ஒருத்தன் டீம்ல டிஃபெண்டர். கோட்டுக்கு வெளிய உக்காந்து தண்ணி குடிச்சிட்டு இருந்தான். "ஸ்கோர் என்ன மச்சி?"ன்னு கேட்டேன்.

"1-0. நான்தான் அடிச்சேன். ஆறாவது நிமிஷம்."

மூணு வருஷமா ஆடுறான். காலேஜுக்காக அவன் அடிச்ச முதல் கோல் அது. அடிச்சதும் வழக்கமா நாங்க உக்காரும் படிக்கட்டுப் பக்கம் ஓடினானாம். அங்க இருந்தது ஒரு வாட்டர் கேனும் ரெண்டு ஃபர்ஸ்ட் இயர் பசங்களும்தான். இதைச் சிரிச்சிக்கிட்டே சொன்னான். திட்டியிருந்தா கூட பரவாயில்லைன்னு இருந்துச்சு.

அதுக்கப்புறம்தான் யோசிச்சேன். நாம ஃபுட்பாலையும் கிரிக்கெட் மாதிரியே நினைச்சுக்கிறோம். டி20 மேட்ச்ல 40 ஓவர் இருக்கு, அஞ்சு ஓவர் விட்டாலும் மிச்சம் நிறைய. சினிமாவுக்கு லேட்டா போனா விளம்பரம்தான் போகும். ஃபுட்பால் அப்படி இல்லீங்க. 2022 உலகக் கோப்பையில 64 மேட்ச்ல மொத்தமே 172 கோல். ஒரு மேட்ச்சுக்கு மூணு கூட தேறல! அதுல ஒண்ணை விட்டா மூணுல ஒரு பங்கு மேட்ச் காலி.

கோல் நமக்காகக் காத்திருக்கவும் செய்யாது. 2002 உலகக் கோப்பையில துருக்கியோட ஹகான் ஷுகுர், கொரியாவுக்கு எதிரா 11 வினாடியில அடிச்சார். 2014ல பிரேசிலை ஜெர்மனி 7-1னு உரிச்சப்போ, அதுல அஞ்சு கோல் முதல் 29 நிமிஷத்துலயே விழுந்துடுச்சு. நம்ம சென்னையின் எஃப்சி ரெண்டாவது தடவை ஐஎஸ்எல் கோப்பையை ஜெயிச்ச 2018 ஃபைனல்ல, 9வது நிமிஷம் பெங்களூருக்கு சுனில் சேத்ரி அடிச்சார், 17வது நிமிஷம் மைல்சன் பதிலடி. அரை மணி நேரம் லேட்டா வந்தவனுக்கு ரெண்டுமே கதைதான்.

"நாங்க வந்தா மட்டும் ஜெயிச்சிடுவாங்களா?"ன்னு கேக்கலாம். 2020ல கொரோனாவால ஜெர்மனியோட பன்டஸ்லிகா மேட்ச்களை காலி மைதானத்துல நடத்தினாங்க. சொந்த ஊர் டீம் ஜெயிக்கிறது குறைஞ்சு போச்சு. சத்தத்துக்கும் ஒரு பலம் இருக்கு சார்.

நமக்கு நேரம் பார்க்கத் தெரியாதுன்னும் சொல்ல முடியாது. காலேஜ் பஸ் கிளம்புற நேரம் எல்லாருக்கும் மனப்பாடம். கவரைப்பேட்டை ஸ்டேஷன்ல கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடிக்க எப்படி ஓடுறோம்! விட்டா அடுத்த வண்டிக்கு பிளாட்ஃபார்ம்லயே தேவுடு காக்கணும்னு பயம். சென்ட்ரல்ல இறங்கி நேரு ஸ்டேடியத்துக்கு மேட்ச் பார்க்கப் போனா, டிக்கெட் காசு வீணாயிடுமேன்னு முன்னாடியே போய் சீட்ல உக்காந்துடுறோம். காலேஜ் கிரவுண்டு ஓசி, ஓடிப்போகாது. அதான் இளக்காரம்.

லேப்ல மாட்டினவங்களைச் சொல்லல. கேன்டீன்ல உக்காந்திருக்கிற என்னை மாதிரி ஆளுங்களைத்தான் சொல்றேன். விசிலுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி வந்துடுங்க. வார்ம்-அப் பண்றப்போ நம்ம பசங்க பேரைச் சொல்லி ஒரு சத்தம் போடுங்க, போதும்.

அடுத்த மேட்ச் வியாழக்கிழமை, 3.30 மணிக்கு. அவனுக்கு இது கடைசி வருஷம். டிஃபெண்டர் இன்னொரு தடவை கோல் அடிப்பான்னு சொல்ல முடியாது. அடிச்சா, அவன் ஓடி வர்ற பக்கம் நாம இருக்கணும்.

பஜ்ஜி எங்கயும் போகாதுங்க, நாலு மணிக்கு அப்புறம்கூட சூடா கிடைக்கும் :)